பழைய வீட்டின் பார்டோ கூரை: பிளைவுட் போட்டு மூடலாமா?

கேள்வி, ஜூன் 2

மொரீஷியஸ் தீவின் கியூர்பிப்பில் 1900 வாக்கில் கட்டிய மரவீடு. கூரைப் பரப்பு சுமார் 140 சதுர மீட்டர், முன்னால் வராங் (திறந்த தாழ்வாரம்), இரண்டு மூலையிலும் சின்னக் கூம்புகள். மரச்சில்லு ஓடு, அதாவது பார்டோ, மூன்று பக்கம் இன்னும் இருக்கிறது. பின்பக்கம் மட்டும் பல வருடத்துக்கு முன்பே பார்டோவின் மேலேயே தகரம் அடித்திருக்கிறார்கள். தென்கிழக்குச் சரிவில் மூன்று இடத்தில் ஒழுகல். ஒப்பந்தக்காரர் ஒருவர், எல்லாவற்றையும் பிரித்துவிட்டுக் கைமரத்தின் மேல் பிளைவுட், அதன்மேல் ஒட்டும் தார் விரிப்பு, அதற்குமேல் கனடாவிலிருந்து வரும் சிவப்பு செடார் பார்டோ என்கிறார். இன்னொருவர் நேராகத் தகரம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜூன் 2, இரவு

பிளைவுட் வேண்டாம். தகரமும் வேண்டாம். காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜூன் 3

பார்டோ கூரையில் தண்ணீரைத் தடுப்பது மூன்று அடுக்கு மரம். அந்த மரத்தைக் காப்பாற்றுவது அடியிலிருந்து வரும் காற்று. மழையில் மேல்முகம் நனையும், ஓரளவு உள்ளேயும் ஊறும். வெயிலும் காற்றும் பட்டதும் மேலும் கீழுமாக உலரும். அந்தக் காலத்தில் கைமரத்தின்மேல் இடைவெளி விட்டு ரீப்பர், அதாவது குறுக்குச் சட்டம், அடித்தார்கள் என்றால் மரத்தை மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல. அந்த இடைவெளிதான் கூரைக்கு மூச்சு.

பிளைவுட்டும் ஒட்டு விரிப்பும் போட்டு, அதன்மேல் நேராகப் பார்டோ அடித்தால் அடிமுகம் உலராது. மேல் காய்ந்து அடி ஈரமாக இருக்கும் பலகை மேல்நோக்கி வளையும், நடுவில் பிளக்கும், அடிப்பக்கம் பூஞ்சை பிடித்து மெத்தென்று ஆகும். கியூர்பிப் மாதிரி இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். மேற்குக் கடற்கரையில் ஆண்டு மழை 900 மி.மீ. அளவுதான், மத்திய மேட்டுநிலத்திலோ 4000 மி.மீ. வரை போகிறது. வறண்ட ஊரில் தப்பிக்கிற தவறு உங்கள் ஊரில் தப்பிக்காது.

அடியில் ஒரு தடுப்பு இருந்தே தீர வேண்டுமென்று யாராவது பிடிவாதம் பிடித்தால், ஈரம் கடத்தும் விரிப்பை நேராகக் கைமரத்தின்மேல் போட்டு, அதன்மேல் கைமரத்தோடு ஓடும் 25 மி.மீ. நெடுக்குச் சட்டம், அதற்குமேல் குறுக்கு ரீப்பர், பிறகுதான் பார்டோ. இறவாணத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி வேண்டும், இரண்டிலும் பூச்சிவலை. ஆனால் இப்படிச் செய்தால் கூரை 2.5 செ.மீ. அளவு உயரும். இறவாணத்து லாம்ப்ரெக்கேன் ஜரிகைப் பட்டை, கூம்பின் அடிவரி எல்லாம் இடம் தவறும். பழைய வீட்டுக்கு அந்த 2.5 செ.மீ.கூடப் பார்த்தவுடன் தெரியும் மாற்றம்.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

தகரத்தைப் பற்றி. பார்டோவின் மேல் தகரம் அடிப்பது நம் தீவில் பரவலாக நடந்ததுதான். 1960 பிப்ரவரியில் காரோல் புயல் மணிக்கு 256 கி.மீ. வீச்சில் அடித்த பிறகு, மரவீட்டின் மேலேயே ஊருக்கு நம்பிக்கை போய்விட்டது. தகரம் அடித்ததால் பல வீடுகள் இடியாமல் நின்றன என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் மேட்டுநிலத்துக் குளிர் இரவில் தகரத்தின் அடியில் வியர்வை கட்டும், அது சொட்டி பார்டோவுக்கும் ரீப்பருக்கும் இறங்கும். ஆணி போன ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கறுத்த வட்டம் இருக்கும், அங்கே மரம் செத்திருக்கும்.

உங்கள் பின்பக்கத்தைப் பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெயில் படாமல் கிடந்ததால் துளைகளுக்கு நடுவில் உள்ள பார்டோ சில நேரம் மற்ற மூன்று பக்கத்தைவிட நன்றாக இருக்கும். அளவு, தடிப்பு, அடிமுனை வெட்டிய விதம் எல்லாம் அதில்தான் அசலாகக் கிடைக்கும். நல்லதாக இருபது முப்பதை எடுத்து வையுங்கள், புதியது செய்பவருக்கு அதுதான் மாதிரி.

பின்பக்கத்தில் நெளிநெளியாகச் சாம்பல் நிறச் சிமென்ட் தகடு ஏதாவது இருந்தால் கை வைக்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உடைக்கவோ அறுக்கவோ துளையிடவோ கூடாது, அதற்கென்று பழகியவர்கள் நனைத்து முழுத் தகடாக இறக்க வேண்டும்.

ஜூன் 5

"முதலில் எத்தனை கட்டு பார்டோ வாங்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். அது முதல் வேலை அல்ல. முதலில் பரணில் ஏறி ரீப்பரை அளந்து பாருங்கள்.

ஒரு ரீப்பரின் மேல்விளிம்பிலிருந்து அடுத்ததன் மேல்விளிம்பு வரை எவ்வளவு? ஒரே இடத்தில் அளக்காதீர்கள். பத்து ரீப்பரைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள், நான்கு சரிவிலும் தனித்தனியாக. ஏனென்றால் பார்டோவின் ஆணி ரீப்பரில்தான் இறங்க வேண்டும். ஆகவே ரீப்பரின் இடைவெளிதான் ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு வெளியே தெரியும் என்பதை முடிவு செய்கிறது, அதுதான் பலகையின் நீளத்தையும் முடிவு செய்கிறது. மூன்று அடுக்கு வர, நீளம் இடைவெளியைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இடைவெளி 12.5 செ.மீ. என்றால் 40 செ.மீ. பலகை சரியாகப் பொருந்தும். 14 செ.மீ. என்றால் 45 செ.மீ. பலகை. ரீப்பர் 16 செ.மீ.க்கு ஒன்றாக இருக்கும் கூரைக்கு 40 செ.மீ. பலகையை வாங்கி வந்துவிட்டு, ஆணி காற்றில் போகிறதே என்று இடையில் புது ரீப்பர் சொருகுகிறவர்களைப் பார்க்கிறோம். பணமும் போய், கூரையின் வரியும் போகிறது.

கணக்கு: 12.5 செ.மீ. தெரியும்படி, சராசரி 10 செ.மீ. அகலப் பலகை என்றால் சதுர மீட்டருக்கு 75 முதல் 80. உங்கள் 140 சதுர மீட்டருக்கு சுமார் 11,000. இறவாணத்து இரட்டை வரிசை, மூலை, பள்ளம், கூம்பு, உடைசல் எல்லாவற்றுக்கும் 10 முதல் 15 சதவீதம் கூடுதல், ஆக 12,500 பக்கம். பலகைக்கு இரண்டு ஆணி, 25,000 ஆணி.

ஜூன் 5, பின்சேர்க்கை

மேலே சொன்ன 12.5 செ.மீ. எல்லாக் கூரைக்கும் பொருந்தாது. சரிவு 18 பாகைக்குக் குறையாத இடத்துக்குத்தான் அது. வராங்கின் கூரை பெரும்பாலும் அதைவிடப் படுத்திருக்கும். 14 முதல் 18 பாகை வரை இருந்தால் 40 செ.மீ. பலகையில் 9.5 செ.மீ. மட்டும் வெளியே விட வேண்டும், நான்கு அடுக்கு வரும். 14 பாகைக்கும் கீழே என்றால் பார்டோவே கூடாது. அங்கே ஆரம்பத்திலிருந்தே வேறு ஏதாவது இருந்ததா என்று தேடிப் பாருங்கள்.

ஜூன் 8

எந்த மரம் என்பதுதான் இந்த இழையில் அதிகம் கேட்கப்படுகிறது.

அந்தக் காலத்தில் இங்கே நாட் மரத்தில் பார்டோ செய்தார்கள். இன்று அதைத் தேடாதீர்கள். மிச்சமிருக்கும் மரங்கள் காட்டில் நிற்கட்டும். பக்கத்துத் தீவான ரீயூனியனில் மேட்டுக்காட்டுத் தாமரேன் இன்றும் பார்டோ மரம்தான். எல்பூருக்கு மேலே பெலூவ் காட்டில் நிற்பது அதுவே. அங்கே கூரையோடு நிற்காமல் மழை அடிக்கும் சுவரிலும் மீன்செதில் போல அடிப்பார்கள். தாமரேன் என்றால் பிரெஞ்சில் புளி, ஆனால் பெயரைக் கேட்டு நம் புளியமரம் என்று நினைக்க வேண்டாம். இது வேல மரத்தின் சாதி, ஹவாய்த் தீவின் கோவா மரத்துக்கு நெருங்கிய உறவு. கடல் கடந்து அவ்வளவு தூரம் எப்படி வந்தது என்பது தனிக்கதை.

மரத்தின் பெயரைவிட மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, வைரம், அதாவது முற்றிய நடுமரம் மட்டும். வெளிறு (பட்டையை ஒட்டிய இளமரம்) ஒரு விரல் அகலம் இருந்தாலும் அந்தப் பலகையை ஒதுக்குங்கள், முதலில் மக்குவது அந்த ஓரம்தான். இரண்டு, பலகையின் முனையைப் பாருங்கள். ஆண்டு வளையம் பலகையின் முகத்துக்குக் குத்தாக நின்றால் அது நேராக இருக்கும். வளையம் படுத்திருந்தால் வெயிலில் கிண்ணமாக வளையும். மூன்று, முடிந்தால் பிளந்தது. பிளவுக்கத்தியை முனையில் வைத்துத் தட்டினால் மரம் தன் இழையோடு பிரியும், இழை அறுபடாது, தண்ணீர் இழையோடு வழுக்கிக்கொண்டு போகும். ரம்பத்தில் அறுத்தால் இழை குறுக்கே வெட்டுப்பட்டு, வெட்டுப்பட்ட வாய் ஒவ்வொன்றும் தண்ணீர் குடிக்கும். அறுத்ததைத்தான் வாங்க முடியும் என்றால் குத்து வளையம் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கனத்தையும் பாருங்கள். மூன்று அடுக்கு செடார் சதுர மீட்டருக்கு 8 முதல் 10 கிலோ. 1 செ.மீ. தடிப்புத் தாமரேன் மூன்று அடுக்கு 20 கிலோவை ஒட்டும், நனைந்தால் இன்னும் கூடும். பழைய கூரை கனமரத்தில் இருந்திருந்தால் கைமரம் அதற்கென்று போட்டதுதான். ஆனாலும் சுவரோடு சேரும் முனைகளில் உளி குத்திப் பார்க்காமல் நம்பக் கூடாது.

வெளியிலிருந்து மரம் தருவிப்பவர்கள், கப்பல் ஏறுவதற்கு முன்பே தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தில் இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் கொள்கலன் நிற்கும் ஒவ்வொரு நாளும் காசு.

ஜூன் 9

மோக்காவிலிருந்து ஒருவர்: "தேசிய மரபுச்சின்னப் பட்டியலில் இருக்கும் வீட்டுக்கு?" ஐயா, 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய மரபு நிதியத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பலகையைக்கூட மாற்றக் கூடாது. மாதிரிப் பலகை, ரீப்பர் அளவு, நான்கு பக்கப் படம், கூம்பின் வரைபடம் ஆகியவற்றோடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும். பட்டியலில் இல்லாத வீடுகள் நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 14

ஆணி. கூரை போவது பெரும்பாலும் மரத்தால் அல்ல, ஆணியால். செடாரிலும் தாமரேனிலும் இருக்கும் சாறு மழையோடு கலந்து சாதாரண இரும்பைத் தின்றுவிடும். ஆணி நூலாக மெலிந்து தலை உதிரும், பலகை நல்லதாக இருக்கும்போதே நழுவி இறங்கும். கூரைக்குக் கீழே தண்டவாளம் மாதிரிக் கறுப்புக் கோடு வழிந்திருந்தால் அதுதான்.

இந்தத் தீவில் எந்த ஊரும் கடலுக்குத் தூரமில்லை. ஆகவே 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உடம்பில் வளையம் போட்டது. துத்தநாகம் முலாம் பூசியது போதும் என்று விற்பனையாளர் சொன்னால் கேட்காதீர்கள். நீளம்: ஆணி தன் பலகையையும் கீழ் வரிசைப் பலகையையும் தாண்டி ரீப்பரில் 19 மி.மீ.யாவது இறங்க வேண்டும். மெல்லிய செடாருக்கு 32 மி.மீ. போதும். 1 செ.மீ. தாமரேனுக்கு 40 மி.மீ. அதற்குமேல் நீளமாக வாங்கினால் வராங்கின் கீழ்ப்பக்கம் நுனி தெரியும்.

இடம்: பக்க விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே, மேல் வரிசை வந்து மூடும் கோட்டுக்கு மேலே 2.5 முதல் 4 செ.மீ. பலகை 20 செ.மீ. அகலமாக இருந்தாலும் இரண்டே ஆணி, நடுவில் மூன்றாவது கிடையாது. அகலப் பலகை நடுவில் பிளப்பது அந்த மூன்றாவது ஆணியால்தான். தலை பலகையைத் தொட்டதும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு அடி கொடுத்தால் இழை நசுங்கி, அந்தக் குழியில் தண்ணீர் தங்கும். காற்றழுத்தத் துப்பாக்கியில் அடிப்பதானால் அழுத்தத்தைக் குறைத்து, கடைசித் தட்டைச் சுத்தியலால் கொடுக்கச் சொல்லுங்கள். தாமரேனுக்கு முன்துளை அவசியம்.

ஜூன் 15

இடைவெளி பற்றிக் கேட்ட தங்கைக்கு. காய்ந்த பலகைக்கும் பலகைக்கும் நடுவே 6 முதல் 10 மி.மீ. விட வேண்டும். நெருக்கமாக அடித்தால் பார்க்க அழகு, முதல் பெருமழையில் ஒன்றையொன்று நெட்டித் தூக்கும், ஆணியைப் பிடுங்கும். பச்சையாகப் பிளந்த மரம் என்றால் சுருங்கும், அதற்குப் பாதி இடைவெளி போதும்.

கீழ் வரிசைச் சந்துக்கும் மேல் வரிசைச் சந்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 4 செ.மீ. விலகல். அதோடு நிற்காமல், ஒன்று விட்டு அடுத்த வரிசையின் சந்தும் அதே நேரில் வராமல் பார்க்க வேண்டும். மூன்று அடுக்கில் இரண்டு சந்து நேராக அமைந்து, நடுப்பலகையில் அதே கோட்டில் ஒரு வெடிப்பு வந்தால் தண்ணீருக்கு வாசல் திறந்தாகிவிட்டது. ஒழுகும் கூரையைப் பிரித்துப் பார்த்தால் அடிக்கடி அகப்படுவது இதுதான். உங்கள் தென்கிழக்குச் சரிவின் மூன்று ஒழுகலையும் முதலில் இப்படிச் சோதியுங்கள்.

ஜூன் 21

வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு "வடக்குச் சரிவில்தானே பாசி" என்கிறார்கள். அங்கே அப்படி. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். குளிர்காலம் முழுக்க வெயில் வடக்குச் சரிவில், தெற்கும் தென்கிழக்கும் நிழலில். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் தூறலும் அதே பக்கம். ஆகவே நம்மிடம் தெற்கு மக்கும், வடக்கு வெயிலில் தேய்ந்து மெலியும். நல்ல பலகையில் மிக நல்லதைத் தெற்குக்கு ஒதுக்குங்கள், தடித்ததை வடக்குக்கு.

அதிவேகத் தண்ணீர்ப் பீச்சி கொண்டு பாசி கழுவுகிறவர்கள் உண்டு. ஐந்து வருட மழை எடுக்கும் மரத்தை அது ஒரே பிற்பகலில் சுரண்டிவிடும். மென்தூரிகையால் மேலிருந்து கீழாகத் தள்ளினால் போதும். சந்துகளில் சிக்கிய இலையை மரக்குச்சியால் எடுங்கள்.

ஜூலை 2

எப்போது பிரிப்பது? செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபரில் முடிக்க வேண்டும். அக்டோபர்தான் ஆண்டின் வறண்ட மாதம், நவம்பர் 1இல் புயல் பருவம் பிறந்துவிடும். "காவடிக்குள் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை விட்டுவிடுங்கள். தைப்பூச நேரத்தில் திறந்த கூரையோடு எந்த வீடும் நிற்கக் கூடாது. செப்டம்பரில் தொடங்க முடியவில்லையா, ஒழுகும் இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு சரிவு மட்டும். முகட்டிலிருந்து கீழே பிரித்து, இறவாணத்திலிருந்து மேலே அடித்து வருவதால் நடுவில் சரிவு முழுக்கத் திறந்துதான் கிடக்கும். தார்ப்பாயை முகட்டுக்கு அந்தப் பக்கம் வரை எடுத்து, சட்டம் வைத்துக் கைமரத்தில் திருகி, மாலையில் உருட்டி இறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கல் வைத்த தார்ப்பாய் இரவில் பறக்கும்.

கூரை திறந்திருக்கும் அந்த நாட்களில்தான் புயலுக்கான வேலை: கைமரம் சுவர்ச்சட்டத்தோடு சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்டெயின்லெஸ் பட்டை, உள்பக்கமாக. பழைய மரமுளைகளைப் பிடுங்க வேண்டாம், அவை இருக்கட்டும். வராங்கின் கூரை பெருங்கூரையோடு தொடர்ச்சியாக இல்லாமல் தனியாக அமைந்திருந்தால் அதை அப்படியே விடுங்கள். காற்று வராங்கைத் தூக்கினாலும் வீட்டின் தலையைச் சேர்த்து இழுக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. கறையானையும் அப்போதே பாருங்கள். ரீப்பருக்கு அடியில் மணல் மாதிரிக் குவியல் இருந்து, உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையாக இருந்தால் உலர்மரக் கறையான். போரான் உப்புக் கரைசலை ரீப்பருக்கும் கைமரத்துக்கும் பூசலாம். பார்டோவுக்குப் பூசிப் பயனில்லை, முதல் மழையிலேயே கரைந்து போகும்.

ஜூலை 2, மறுபடி

பரணில் துணி சுற்றிய பழைய மின்கம்பி இருந்தால், சுத்தியல் சத்தம் தொடங்கும் முன்பே மின்சாரத்தைத் துண்டித்துக் கம்பியை மாற்றுங்கள். அதிர்வில் அதன் உறை பொடியாக உதிரும்.

ஜூலை 11

கூம்பு. எல்லோரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். வீட்டுக்கு முகம் கொடுப்பதே இந்த இரண்டு கூம்புகள்தான்.

நான்கு பட்டைக் கூம்பில் 10 செ.மீ. பலகை கீழ் வரிசைகளுக்குச் சரி, மேலே போகப்போக 7, பிறகு 5. மூலையில் இரண்டு முகத்துப் பலகையும் சந்திக்கும் இடத்தில், ஒரு வரிசையில் இடப்பக்கப் பலகை வலப்பக்கத்தை மூடட்டும், அடுத்த வரிசையில் வலது இடதை மூடட்டும். மூடும் பலகையின் வெளி விளிம்பை அடுத்த முகத்தின் சாய்வுக்கு இழைப்புளியால் சீவ வேண்டும். அந்தச் சாய்வு கூம்புக்குக் கூம்பு மாறும், ஆகவே முதல் பலகையை அங்கேயே வைத்துக் கோடு கிழித்து, அதை அச்சாக வைத்து மற்றவற்றைக் கீழே மேசையில் சீவுங்கள். நான்கு முகத்தையும் வரிசை வரிசையாகச் சுற்றி ஏற்ற வேண்டும். ஒரு முகத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் மூலை பின்னாது.

இரண்டு சரிவு கூடும் பள்ளத்துக்கு 60 செ.மீ. அகலத் தகடு, நடுவில் 10 செ.மீ. திறந்து விடுங்கள். பள்ளத்தின் மையத்துக்கு அருகே ஆணியே கூடாது. தகடும் ஸ்டெயின்லெஸ்தான். செடாரிலிருந்து வடியும் சாறு துத்தநாகத்தையும் செம்பையும் அரிக்கும். முகட்டுக்கு, காற்றுப் பக்கத்துப் பலகையை மறுபக்கத்தின் மேல் நீட்டி விடும் பழைய முறை ஒன்று உண்டு. ஒரே திசைக் காற்றுக்கு அது நல்லது. புயல் கடந்து போகும்போது காற்று திசை மாறி அடிக்கும், அப்போது நீட்டிய பலகைதான் முதலில் எழும்பும். உங்கள் வீட்டில் அசலாக முகட்டுத் தகடு இருந்ததற்கு ஆணித்துளை அடையாளம் இருந்தால் தயங்காமல் தகடே போடுங்கள்.

ஜூலை 20

தீ பற்றிக் கேட்டவர் சரியாகக் கேட்டார். 1816இல் போர்ட் லூயி எரிந்தது மறக்கக் கூடியதல்ல. உலர்ந்த பார்டோவில் ஒரு பொறி போதும். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் வெடிக்கும் சரவெடி தெருவோடு நிற்பதில்லை. அந்த இரண்டு இரவும் மாலையிலேயே கூரையை நனைத்து, குழாயை நீட்டித் தயாராக வையுங்கள். முகட்டில் சருகு சேர விடாதீர்கள். பழைய பலகைகளை எரிக்க வேண்டாம். பின்னாளில் ஒட்டுப்போட்டவை ஆர்செனிக் கலந்த மருந்தில் ஊறியவையாக இருந்தால் புகையும் சாம்பலும் நஞ்சு.

ஆகஸ்ட் 4

வேலை முடிந்த பிறகு ஒரு பலகை மட்டும் வெடித்தால் என்ன செய்வது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். வெடிப்பு கீழ் வரிசைச் சந்துக்கு 4 செ.மீ. தள்ளி இருந்தால் தொடவே வேண்டாம், அது இன்னொரு சந்து, அவ்வளவுதான். சந்துக்கு நேராக இருந்தால் பலகையை உளியால் இழையோடு சீவித் துண்டு துண்டாக எடுங்கள். மேல் வரிசைக்கு அடியில் மெல்லிய ரம்பத் தகட்டைச் சொருகிப் பழைய ஆணிகளை அறுத்துவிடுங்கள். புதிய பலகையை உள்ளே தள்ளும்போது வரிசைக் கோட்டுக்கு 6 மி.மீ. கீழே நீட்டி நிறுத்தி, மேல் வரிசையின் அடிவிளிம்பை ஒட்டி இரண்டு ஆணியைச் சாய்வாக மேல்நோக்கி அடியுங்கள். பிறகு அடிமுனையில் மரக்கட்டை வைத்துத் தட்டி அந்த 6 மி.மீ.யை மேலே ஏற்றினால் ஆணித்தலை மேல் வரிசைக்குள் போய்விடும்.

அதற்காகவே ஒரே மரத்தில், ஒரே வெட்டில் இரண்டு கட்டு கூடுதலாக வாங்கி, பரணில் காற்றுப்படும்படி அடுக்கி வையுங்கள். கீழ் அறையில், சிமென்ட் தரையில் வேண்டாம்.